சுழியோடி மூக்கால் மூச்செடுக்கப் பழகியது

பிள்ளைகள்,

ஒவ்வொரு நாளும் விடியப் போன் எடுத்து நீங்கள் கேட்கிற முதல் கேள்வி, "அப்பா, மெஷின் போட்டுப் படுத்தனீங்களோ?" என்பதுதான். நான் "ஓம்" என்பேன். "சரியா இருக்கோ?" என்பீர்கள். அதற்கும் "ஓம்". பிறகு போனை அம்மாவின் கையில் கொடுத்துவிடுவேன். போன கிழமை சின்னவன் சொன்னான்: "நீங்கள் எல்லாத்தையும் ஓம் எண்டு முடிக்கிறீங்கள் அப்பா. அந்த மெஷினோட என்ன பாடு பட்டனீங்கள் எண்டு எழுதி அனுப்புங்கோவன்."

எனக்கு எழுத்துப் பெரிதாக வராது. பத்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கித் தந்த சாமான் அது. அது எனக்கு எப்படிப் பழகியது என்று நீங்கள் அறியத்தான் வேண்டும். மத்தியானம் சோறு தின்றுவிட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். சோறு தின்ற பிறகு நான் முழித்திருந்து எழுதுகிறேன் என்பதே உங்களுக்கு ஒரு செய்திதான்.

நான் சுழியோடின காலம் உங்களுக்குக் கொஞ்சம் நினைவிருக்கும். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலட்டைக்கும் சங்குக்கும் போய்வந்தேன். காதுச் சவ்வு கிழிந்து, இனிக் கீழே போகவே கூடாது என்று டொக்டர் மறித்த பிறகு, உங்கள் மாமா தன்னுடைய போட்டில் என்னை மேலே நிற்கிற ஆளாக வைத்தான். அது என்ன வேலை என்று பெரியவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள். பார்க்கப் போனால் ஒன்றும் இல்லை. கீழே இருக்கிறவன் விடுகிற மூச்சு மேலே குமிழியாக வரும். அதை விடாமல் பார்த்துக்கொண்டு, அது போகிற பக்கம் போட்டை மெல்லக் கொண்டுபோக வேண்டும். வேறு போட் வந்தால் மறிக்க வேண்டும். அவன் ஏறி வரும்போது போட் அவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மேலே நிற்கிறவன் கண்ணை மூடினால், கீழே இருக்கிறவனுக்கு அந்தக் கடலில் வேறு ஒருவரும் இல்லை.

எங்கள் போட்டில் ஒரு பழக்கம் இருந்தது. தண்ணீருக்குள் கனநேரம் நின்றால் விரல் சுருங்கி மோதிரம் கழன்று போகும். அதனால் மாமா இறங்குவதற்கு முன் தன் கலியாண மோதிரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டுவான். நான் அதை என் சுண்டுவிரலில் போட்டுக்கொள்வேன். அவன் ஏறி வந்து முகத்தைத் துடைத்ததும் திருப்பிக் கொடுப்பேன். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் கதைத்ததில்லை.

எனக்கு வந்த வருத்தம் நித்திரை. இரவு முழுக்கப் படுத்தாலும் விடிய எழும்பும்போது யாரோ அடித்துப் போட்டது போல இருக்கும். தலையிடிக்கும். நிலாவெளி பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிடும். சலூன் கதிரையில் தலையைச் சாய்த்தால் குறட்டை. வயது போகிறது என்றுதான் நானும் அம்மாவும் நினைத்தோம்.

குச்சவெளிப் பக்கம் போன அந்த நாளை மாமா உங்களுக்குச் சொல்லியிருப்பான். வெயில் தலைக்கு நேரே நின்றது. கடலில் அலை இல்லை. மாமாவும் அவனோடு சுழியோடுகிற இன்னொருவனும் கீழே. நான் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, யாரோ போட்டின் பக்கத்தில் தட்டுகிற சத்தம். பார்த்தால் மாமாவின் கை. போட் இழுபட்டு வெகுதூரம் போயிருந்தது. அவனும் மற்றவனும் வெறும் சிலிண்டர்களோடு நீரோட்டத்துக்கு எதிரே நீந்தி வந்திருந்தார்கள். ஏறினதும் இருவரும் கனநேரம் மல்லாந்து கிடந்தார்கள்.

"அத்தான், நித்திரையோ?"

"இல்லையடா, கண் கொஞ்சம் சொருகிப்போச்சு."

"விசில் அடிச்சனான். பேர் சொல்லிக் கத்தினனான். நீங்கள் இருந்தபடி குறட்டை."

ஏசவில்லை. கையை மட்டும் நீட்டினான். நான் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். கரைக்கு வந்து போட்டை இழுத்து வைத்த பிறகு, "கொஞ்ச நாள் கரையில நில்லுங்கோ அத்தான்" என்றான். சாம்பல்தீவில் இருந்து ஒருவர் என்னுடைய இடத்துக்கு வந்தார்.

தீபாவளிக்கு வந்த சின்னவன், விறாந்தையில் நான் மத்தியான நித்திரை கொள்வதைப் போனில் வீடியோ எடுத்தான். எல்லாரும் பார்த்துச் சிரிக்கத்தான் எடுத்தது. ஆனால் காட்டும்போது அவன் சிரிக்கவில்லை. குறட்டை போகிறது. பிறகு நின்றுவிடுகிறது. வயிறு ஏறி இறங்குகிறது, மூச்சு மட்டும் இல்லை. அப்படியே கிடக்கிறேன். பிறகு உடம்பு தூக்கிப்போட்டு ஓர் இழுவை இழுக்கிறேன்.

அந்த இழுவை எனக்குத் தெரியும். கீழே காற்று முடிந்து, நெஞ்சில் இருக்கிறதை வைத்துக்கொண்டு மேலே வந்து தலையை வெளியே போடுகிறவன் இழுக்கிற இழுவை அது. கடலில் நானும் அப்படி இழுத்திருக்கிறேன். பாயில் கிடந்துகொண்டே அப்படி இழுக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரவு முழுக்க நான் மூழ்குவதும் மேலே வருவதுமாக இருந்தால் பகலில் கண் எப்படித் திறந்திருக்கும்?

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், தலையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். நித்திரையில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் போகிற வழியை அடைக்கிறது என்று டொக்டர் சொன்னார். அந்த வழி மூடாதபடி மூக்கால் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்க ஒரு மெஷின் இருக்கிறதாம். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"அதைப் போட்டால் பகலில நித்திரை வராதோ டொக்டர்?"

"ஒழுங்காப் போட்டால் வராது."

அந்த 'ஒழுங்கா' என்ற சொல்லை நான் பெரிதாக எடுக்கவில்லை. மாஸ்க் போடுகிறதில் எனக்கு என்ன ஒழுங்கு சொல்லித் தருவது என்று நினைத்தேன்.

மெஷின் வந்த பிறகு அதைப் பூட்டப் பழக்குவதற்கு ஆசுபத்திரியில் வேலை செய்கிற ஒரு பிள்ளை கூப்பிட்டிருந்தாள். பெரியவளின் வயதுதான் இருக்கும். பிளாஸ்டிக் பையைப் பிரித்து, மூக்குக்குப் போடுகிற அந்தச் சின்ன மாஸ்க்கை என் கையில் தந்தாள். நான் வாங்கினேன். வாங்கினதும் அதற்குள் துப்பிப் பெருவிரலால் தேய்த்துவிட்டேன்.

"ஐயா, என்ன செய்யிறீங்கள்?"

சுழியோடுகிறவன் கண்ணாடியைப் போடுவதற்கு முன் அதற்குள் துப்பித் தேய்ப்பான். அப்போதுதான் தண்ணீருக்குள் கண்ணாடியில் புகார் பிடித்து மங்காது. இத்தனை வருடம் செய்த கை, மாஸ்க் என்றதும் தானாகச் செய்துவிட்டது. இந்த மாஸ்க்கில் பார்க்கிறதற்குக் கண்ணாடியே இல்லை.

"பழக்கம் மிஸ். நான் சுழியோடின ஆள்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சீலைத் தலைப்பால் வாயை மூடினாள். அந்தப் பிள்ளை மாஸ்க்கைக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வந்தாள். பிறகு பட்டியைப் பற்றி, இறுக்கக் கூடாது என்பதைப் பற்றி, தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எல்லாம் சொல்லித் தந்தாள். நான் தலையாட்டினேன். வெட்கத்தில் காதுக்குள் ஒன்றும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் படுத்தேன். கடலில் எனக்குச் சோறு போட்ட பழக்கங்கள் எல்லாம் கட்டிலில் எனக்கு எதிராக நின்றன.

தண்ணீரில் கண்ணாடிக்குள் ஒரு சொட்டு ஒழுகினாலும் பட்டியை இறுக்குவோம். இங்கே மாஸ்க்கின் ஓரத்தால் காற்று ஒழுகிக் கண்ணுக்குள் ஊதியது. இறுக்கினேன். இன்னும் ஊதியது. இன்னும் இறுக்கினேன். பட்டி போதாமல், என்னுடைய பழைய சுழியோடுகிற கண்ணாடியின் ரப்பர்ப் பட்டியை வெட்டியெடுத்து அதற்கு மேலே சுற்றிக் கட்டினேன். விடிய மூக்குத் தண்டு புண். கன்னம் இரண்டிலும் கோடு.

"முகத்தைப் பாத்தால் ஆரோ கயிறு போட்டுக் கரைவலை இழுத்த மாதிரிக் கிடக்கு" என்றாள் அம்மா.

அடுத்தது மூக்கு. கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் மேல் விளிம்பைக் கையால் அமத்திக்கொண்டு மூக்கால் பலமாக ஊத வேண்டும், தண்ணீர் கீழால் போய்விடும். எந்தச் சுழியோடிக்கும் அது நித்திரையிலும் மறக்காது. மெஷினில் இருந்து வருகிற ஈரக் காற்று, குழாய்க்குள் குளிர்ந்து, சொட்டாக மூக்கில் விழும். உடனே என் கை மாஸ்க்கை அமத்தும், தலை நிமிரும், மூக்கு ஊதும். மெஷின் காற்றை உள்ளே தள்ள, நான் வெளியே தள்ள, எருமை மூக்கால் சீறுகிற சத்தம் வரும். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு உங்கள் அறைக்குப் போய்விட்டாள்.

எல்லாவற்றிலும் மோசம் வாய். சிலிண்டரோடு கீழே போகிறவனுக்கு மூக்கு செத்த உறுப்பு. ரப்பரைக் கடித்துக்கொண்டு வாயால்தான் மூச்சு. இந்த மெஷினிலோ காற்று மூக்கால் வருகிறது. மூக்குக்குள் காற்று வந்ததும் என் வாய் தானாகத் திறந்தது. மூக்கால் போன காற்றெல்லாம் வாயால் கொட்டுண்டது. விடியும்போது நாக்கு காய்ந்த கருவாடு. அதற்கும் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெட்டிக்குள் கிடந்த, கடிக்கிற பழைய ரப்பரை எடுத்து, ஓட்டைக்குள் துணியை அடைத்து, வாய் திறக்காதபடி கடித்துக்கொண்டு படுத்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"காலுக்கும் சுழியோடுற அந்தத் தவளைக் காலைக் கொழுவிக்கொண்டு படுங்கோ. விடியக் குமிழி வருதோ எண்டு நான் வந்து பாக்கிறன்."

இப்படி ஒவ்வொரு நாளும் போட்டுத்தான் படுத்தேன். ஒவ்வொரு நாளும் விடிய மாஸ்க் நிலத்தில் கிடந்தது. நித்திரையிலே பிடுங்கி எறிந்திருப்பேன். நீங்கள் போன் எடுத்தால் நான் "ஓம்". அம்மா பக்கத்தில் நின்று, "போட்டது ஓம், கிடந்தது நிலத்தில எண்டு சொல்லுங்கோ" என்பாள்.

ஒரு நாள் விடிய எழும்பிக் கடற்கரைக்குப் போனேன். போட் இறங்கத் தயாராக நின்றது. சாம்பல்தீவுக்காரர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், என்னோடு சிரித்துக் கதைத்தார். மாமா மோதிரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தான். அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். அவரில் ஒரு பிழையும் இல்லை. போட் போன பிறகும் நான் மணலில் நின்றுகொண்டிருந்தேன். இந்த மெஷினைப் பழகாமல் நான் இனி அந்தப் போட்டில் ஏற ஏலாது, மாமா ஏற்றினாலும் நான் ஏறக் கூடாது என்பது அங்கே நிற்கும்போதே தெளிவாகிவிட்டது.

திரும்பி வரும் வழியில் ஒன்று யோசித்தேன். நான் சுழியோடப் பழகினது ஆழத்தில் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில், நல்ல வெளிச்சத்தில், முகத்தை மட்டும் வைத்துப் பழகினேன். இந்த மெஷினோடு மட்டும் ஏன் முதல் நாளே நித்திரைக்குள் குதித்தேன்?

மெஷினை அறையில் இருந்து தூக்கிக்கொண்டு வந்து விறாந்தைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா மத்தியானம் டிவியில் நாடகம் பார்க்கிற நேரத்தில், நானும் பக்கத்துக் கதிரையில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு இருந்தேன். நித்திரைக்காக இல்லை, பழகுவதற்காக. கடிக்கிற ரப்பரைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்து வாயை மூடிக்கொண்டு, மூக்கால் இழுத்து மூக்கால் விட்டேன். வாயைத் திறந்தால் காற்றுக் கொட்டுண்ணும், கதைக்க ஏலாது. அந்த நாடகத்தில் மாமியார் செய்கிற அநியாயத்துக்கு வழக்கமாக நான் ஏதாவது சொல்லுவேன். இப்போது ஒன்றும் சொல்ல வழியில்லை.

"இவ்வளவு வருசத்தில ஒரு நாடகத்தை முழுசாக் கேட்டது இண்டைக்குத்தான்" என்றாள் அம்மா. "இந்த மெஷினைக் கலியாணத்தோடயே தந்திருக்கலாம்."

பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்து, என்னைக் கண்டு, கறிவேப்பிலை இல்லாமலே திரும்பிப் போனார். அம்மா பின்னால் போய் விளங்கப்படுத்திக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வாய் பழகியது. ஆனால் ஒழுக்கு நிற்கவில்லை, மூக்குத் தண்டின் புண்ணும் ஆறவில்லை. அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் மாமா மீன் கொண்டு வந்தான். படலையைத் திறந்து உள்ளே வந்தவன் என்னைப் பார்த்தான். மீன் கோர்வையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டுப் படியில் இருந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"அத்தான், இண்டைக்கு எத்தினை பாகம் ஆழத்தில நிக்கிறீங்கள்?"

நான் மாஸ்க்கைக் கழற்றினேன். "சிரிக்கிறதெண்டால் மீனைத் தந்திட்டுப் போ."

அவன் எழும்பி வந்து மாஸ்க்கைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். சுற்றிக் கட்டியிருந்த ரப்பரைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"இது உங்கட பழைய கண்ணாடிப் பட்டியெல்லோ? ஏன் இதைக் கட்டினீங்கள்?"

"காத்து ஒழுகுது."

"இறுக்கினால் நிக்குதோ?"

"இறுக்க இறுக்கக் கூடுது."

கொஞ்ச நேரம் அதைப் பெருவிரலால் அமத்தி அமத்திப் பார்த்தான்.

"அத்தான், நாங்கள் கீழ போனால் கண்ணாடியை முகத்தோட அமத்துறது ஆர்? தண்ணி. வெளியில இருந்து உள்ளுக்கு அமத்தும். இதில காத்து உள்ளுக்க இருந்தெல்லோ வெளிய தள்ளுது. இந்த ரப்பர் ஊதி நிக்க இடம் வேணும். நீங்கள் இறுக்கி அதைச் சப்பையாக்கி வைச்சிருக்கிறீங்கள்."

"அந்தப் பிள்ளையும் இறுக்காதேங்கோ எண்டுதான் சொன்னது."

"பிறகேன் இறுக்கினீங்கள்?"

"மாஸ்க் எனக்குத் தெரியாததோ எண்டு இருந்திட்டன்."

குசினிக்குள் இருந்து அம்மா, "அதை எழுதிச் சுவரில ஒட்டுங்கோ" என்றாள்.

மாமா ரப்பரை அவிழ்த்து என் மடியில் போட்டான். பட்டியைத் தளர்த்தினான். மெஷினைப் போட்டுவிட்டு, மாஸ்க்கை மூக்கில் இருந்து கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, காற்று நிரம்ப விட்டு, மெல்ல வைத்தான். ஓரம் முழுவதும் ஊதி வந்து முகத்தில் மெதுவாக இருந்தது. ஊதல் நின்றது. தலையை அப்படி இப்படித் திருப்பினேன். குழாயின் பாரம் மாஸ்க்கை ஒரு பக்கம் இழுத்தது. அதையும் அவன் கண்டான்.

"முந்தி மேல கொம்பிரசரை வைச்சு ஹோஸால காத்து எடுத்துக்கொண்டு கீழ போன காலத்தில, ஹோஸ் பாரம் கீழ நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது எண்டு எனக்குச் சொன்னது ஆர்?"

நான்தான். வாய் திறக்க ஏலாததால் தலையை ஆட்டினேன். அவன் நைலோன் கயிறு எடுத்து, குழாயை ஜன்னல் கம்பியில் தளர்வாகத் தொங்கவிட்டான். பாரம் போய்விட்டது. பிறகு மற்றக் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மத்தியானம் நான் மாஸ்க்கோடு கதிரையிலேயே நித்திரையாகிவிட்டேன். எழும்பும்போது அது முகத்தில்தான் இருந்தது. மாமா போய்விட்டான்.

"சத்தமே இல்லை" என்றாள் அம்மா. "மூச்சு விடுறீங்களோ எண்டு தம்பி உங்கட வயித்தில கையை வைச்சுப் பாத்தவன். கன நேரம் இருந்திட்டுத்தான் போனவன்."

அன்றோடு எல்லாம் சரியாகவில்லை. அதையும் எழுத வேண்டும். குழாய்க்குள் சொட்டு விழுவதற்கு அம்மா தன் பழைய சீலையைக் கிழித்து நீளமாக ஓர் உறை தைத்துப் போட்டாள். அது குழாயைச் சூடாக வைத்தது, சொட்டு நின்றது. மாரி மழைக்கு மூக்கு அடைத்தால் படுக்கப் போகும் முன் வேதுபிடித்தேன். கறண்ட் போனால் மெஷின் நின்று மூச்சு முட்டும், எழும்புவேன். கறண்ட் வந்ததும் திரும்பப் போடுவேன். நித்திரையில் பிடுங்கி எறிந்திருந்தால் எழும்பின நேரத்தில் எடுத்துத் துடைத்துப் போடுவேன். பிடுங்கினது என்னுடைய கை என்றால் திரும்பப் போடுவதும் என்னுடைய கைதான் என்று வைத்துக்கொண்டேன். எரிச்சல் வந்த நாட்களிலும் போட்டேன்.

ஒரு நாள் விடிய எழும்பினேன். ஏதோ குறைகிறது போல இருந்தது. என்ன என்று கட்டிலில் இருந்து யோசித்தேன். தலையிடி இல்லை. அம்மா இன்னும் எழும்பவில்லை. குசினிக்குப் போய்க் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துப் பிளேன்டி ஊற்றினேன். அம்மா அரை நித்திரையில் வந்து என்னையும் கேத்தலையும் பார்த்துவிட்டு, "ஆருக்கு என்ன?" என்றாள்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. குடி."

ஆசுபத்திரித் தவணைக்குப் போனபோது அந்தப் பிள்ளை மெஷினில் பதிந்திருந்த கணக்கைப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லாப் போடுறீங்கள் ஐயா" என்றாள். டொக்டரும் பார்த்தார். போட்டில் நிற்கலாம், ஆனால் மெஷினை விட்டால் பழையபடி வரும் என்றார். வெளியே வரும்போது அந்தப் பிள்ளை புது மாஸ்க் ரப்பர் ஒன்று தந்தாள். கொடுத்த கையை எடுக்காமல், "துப்பாதேங்கோ" என்றாள்.

டொக்டர் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் பாப்பம் அத்தான்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. டொக்டர் கீழே போகிறதில்லை, போகிறது அவன். நான் அவனிடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் விடவும் இல்லை. ஒவ்வொரு நாளும் விடியக் கடற்கரைக்குப் போய்ச் சிலிண்டர் தூக்கிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு நாள், "சும்மா ஏறுங்கோ, கைக்கு உதவியா வாங்கோ" என்றான். மோதிரம் சாம்பல்தீவுக்காரரின் சட்டைப் பைக்குத்தான் போனது. நான் முன் அணியத்தில் இருந்தேன்.

கொண்டுபோன சோற்றைத் தின்று முடித்து, இரண்டாம் முறை இறங்கினார்கள். அதே மாதிரி வெயில், அதே மாதிரி அலை இல்லாத கடல். நான் குமிழியைப் பார்த்தேன். இரண்டு வரிசை. மாமாவினுடையது எப்போதும் நெருக்கமாக வரும், மற்றவனுடையது விட்டு விட்டு வரும். மாமாவினுடையது வெளிப்பக்கமாகப் போகத் தொடங்கியது. எஞ்சின் விசிறியில் நைலோன் சுற்றிக்கொண்டதால் சாம்பல்தீவுக்காரர் குனிந்து அதை வெட்டிக்கொண்டிருந்தார். அப்போது புறாத்தீவுப் பக்கம் இருந்து, ஆட்களை ஏற்றின ஒரு போட் நேரே மாமாவின் குமிழியை நோக்கி வந்தது. ஓட்டுகிறவன் பின்னுக்குத் திரும்பி ஆட்களோடு கதைத்துக்கொண்டு வந்தான்.

நான் சட்டையைக் கழற்றினேன். அணியத்தில் ஏறி நின்று இரண்டு கையாலும் சட்டையை வீசிக் கத்தினேன். அவன் கடைசியில்தான் கண்டான். வெட்டித் திருப்பினான். அலை வந்து எங்களை ஆட்டிவிட்டுப் போனது. குமிழி நிற்கவில்லை.

மாமா ஏறி வந்து கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினான். "கீழ கேட்டது. எஞ்சின் தலைக்கு மேல வந்து திரும்பினது. ஆர் மறிச்சது?"

"அத்தான்தான்" என்றார் சாம்பல்தீவுக்காரர். "நான் விசிறியோட குனிஞ்சு நிண்டனான், காணேல்ல."

மாமா என்னைப் பார்த்தான். என்னில் சட்டை இல்லை. "சட்டையைப் போடுங்கோ அத்தான், வெயில்" என்றான்.

அடுத்த நாள் போட்டின் விளிம்பில் சிலிண்டரோடு இருந்துகொண்டு மோதிரத்தைக் கழற்றினான். சாம்பல்தீவுக்காரர் வழக்கம் போலக் கையை நீட்டினார். மாமாவின் கை அவரைத் தாண்டி என்னிடம் வந்தது. நான் வாங்கிச் சுண்டுவிரலில் போட்டேன். சாம்பல்தீவுக்காரர் சிரித்துக்கொண்டு எஞ்சின் பக்கம் தள்ளி இருந்தார். இப்போதும் அவர் எங்களோடுதான் வருகிறார், எஞ்சின் அவர் பொறுப்பு, குமிழி என் பொறுப்பு. மாமா பின்பக்கமாகத் தண்ணீருக்குள் விழுந்தான். முதல் குமிழி மேலே வந்தது. நான் அதைப் பார்க்கத் தொடங்கினேன்.

பின்னேரம் மோதிரத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மாஸ்க்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் கொழுவினேன். பிறகு அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கி, பட்டியில்லாத என் பழைய கண்ணாடியை எடுத்தேன். மாமா அவிழ்த்துப் போட்ட ரப்பரும் அதற்குள்ளேயே கிடந்தது. வெட்டின இடத்தைத் தூண்டில் போடுகிற தங்கூசி நரம்பால் இறுக்கித் தைத்துப் பொருத்தினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். சாரத்தை மடித்துக் கட்டி முழங்காலளவுத் தண்ணீரில் நின்றேன். கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்து அலையில் கழுவிப் போட்டேன். காதில் தண்ணீர் படாதபடி குனிந்து முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தேன். மணலில் ஒரு சின்ன நண்டு பக்கவாட்டில் ஓடி நின்றது. அது தன்னைப் புதைத்து முடிக்கும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு முகத்தை எடுத்து மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வீட்டுக்கு நடந்தேன்.